தரை இல்லாத வண்டி

வெண்டெல் ஸ்ட்ரூப் அந்த டிரெய்லரை, உள்ளே குடியிருக்கும்படியான சக்கர வீட்டை, தன் பிக்கப் வண்டியின் பின்னால் கட்டி இழுத்து வந்தது 2009 செப்டம்பரில், எங்கள் பக்கம் அந்த மாதம் வரும் தொழிலாளர் தின விடுமுறைக்கு மறுநாள் காலை. எங்கள் ஊரான எல்கார்ட்டில் அந்த வருடம் விடுமுறை நாளுக்கும் மற்ற நாளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. டிரெய்லர் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தன. நாங்கள் மூன்று பேரும் அவன் வீட்டுக்கு எதிரே, ஆர்வில் லான்ட்ஸின் கார் கொட்டகையில், கதவை மேலே தூக்கிவிட்டு மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். கால் நீட்டிக்கொள்ள எதிரில் நான்கு மரச்சட்டங்கள் அடுக்கியிருந்தன. எட்டடி நீளம், நல்ல பைன் மரம். அலமாரி கட்டுவதற்காக ஆர்வில் வாங்கியவை. வேலை போனதும் அலமாரி யோசனையும் போய்விட்டது.

டிரெய்லர் எங்களைத் தாண்டிப் போய் எதிர்வீட்டு வாசலில் திரும்பியது. 1964-ஆம் வருட மாடல், அலுமினிய உடம்பு, இருபத்திரண்டு அடி. தூரத்தில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் சாலையோர மேட்டில் சக்கரம் ஏறி இறங்கியபோது, பின்பக்கத்தில் உடம்பு ஒரு திசையிலும் அடியிலிருக்கும் இரும்புச் சட்டகம் வேறு திசையிலும் ஆடின.

"பாத்தியா?" என்றான் டுவேன் ஹோக்.

"பாத்தேன்," என்றான் ஆர்வில்.

அதற்கு மேல் பேசத் தேவை இருக்கவில்லை. பின்தரை மக்கியிருந்தது. நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து எழுபது வருடத்துக்குமேல் டிரெய்லருக்குத் தரை போட்டவர்கள். அந்த ஆட்டம் எங்களுக்குத் தெரியும்.

வெண்டெலுக்கும் தெரிந்திருக்கும். அவன் எங்கள் தொழிற்சாலையில் பரிசோதகன், நாங்கள் சொல்வது இன்ஸ்பெக்டர். உற்பத்தி வரிசையின் கடைசி முனையில் இருபத்திரண்டு வருடம் நின்றவன். முடிந்த வண்டி அவனிடம் வரும். அதைச் சுற்றி ஒரு தரம் நடப்பான், உள்ளே போய் வருவான், தப்பு இருந்தால் சட்டைப் பையிலிருந்து சிவப்பு மெழுகுப் பென்சிலை எடுத்துக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போவான். என்ன தப்பு என்று சொல்ல மாட்டான். கேட்டால் ஒரே பதில்தான்.

"கண்டுபிடி."

சொல்லிவிட்டால் அடுத்த தடவை நாங்கள் பார்க்க மாட்டோம் என்பது அவன் வாதம். மேலாளர்களுக்கு அது பிடித்திருந்தது. அவன் கையெழுத்துப் போட்டு வெளியே போன வண்டிகள் ஒழுகவில்லை என்பதும் உண்மை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

1998 ஆகஸ்டில் ஒரு வண்டிக்குக் குறி போட்டான். நாங்கள் அலமாரிகளைப் பார்த்தோம், குழாய்களைப் பார்த்தோம், கடைசியில் தரையாகத்தான் இருக்கும் என்று அடியில் இறங்கினோம். ஜாக்கி நழுவியது. ஆர்வில் இடது கையில் இரண்டு விரல்களை இழந்தான். தப்பு தரையில் இல்லை. சமையல் மேடைக்கு மேலே ஒரு கீலில், பித்தளைத் திருகு இருக்க வேண்டிய இடத்தில் இரும்புத் திருகு இருந்தது. ஆர்வில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வெண்டெல் எங்களிடம் சொன்னது இது:

"கண்ணால பாத்திருந்தா போதுமே. எதுக்குக் கீழ போனான்?"

வெண்டெலும் எங்களோடு ஒரே நாளில், ஒரே பட்டியலில் பெயர் வந்து வேலையிழந்தான். எங்களுக்கு வீடாவது நிலைத்தது. அவன் வீட்டை வங்கி எடுத்துக்கொண்டது. அக்டோபர் பதினைந்தாம் தேதிக்குள் காலி செய்யச் சொல்லிக் கதவில் காகிதம் ஒட்டியிருந்தார்கள். அவன் மனைவி நோரீனின் பழைய பள்ளித்தோழி டோலி வடக்கே மிச்சிகன் எல்லை தாண்டி ஏரிக்கரையில் டிரெய்லர்கள் தங்கும் முகாம் நடத்திக்கொண்டிருந்தாள். குளிர்காலம் முழுக்கத் தங்கிக்கொள்ள ஓர் இடம் தருவதாகச் சொல்லியிருந்தாள். தண்ணீர், மின்சாரம், கழிவுக்குழாய் எல்லாம் உண்டு. நிபந்தனை ஒன்றுதான். வண்டி தன் சொந்தச் சக்கரத்தில் உருண்டு வர வேண்டும், பதினைந்தாம் தேதி மாலை முகாமின் கதவைப் பூட்டுவதற்குள். பூட்டினால் ஏப்ரலில்தான் திறப்பார்கள். உள்ளே போனால் கூரை, போகாவிட்டால் தெரு. தெருவில் எல்லோருக்கும் இது தெரிந்திருந்தது. நோரீனே சொல்லியிருந்தாள்.

முதல் இரண்டு நாள் வெண்டெல் எதையும் அறுக்கவில்லை. உள்ளே மண்டி போட்டு, ஒரு குத்தூசியால் தரையை அங்குலம் அங்குலமாகக் குத்திப் பார்த்தான். ஊசி இறங்கிய இடத்திலெல்லாம் சிவப்புக் குறி போட்டான். டுவேன் தபால் பெட்டிக்குப் போகிற சாக்கில் எட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

"தரை பூரா சிவப்புய்யா. அம்மை போட்ட மாதிரி இருக்கு. இப்ப யாரைக் கூப்பிட்டுக் கண்டுபிடிக்கச் சொல்லப் போறான்?"

"எலி இருக்கா?" என்று கேட்டேன்.

"எலியா? ஒரு ஊரே இருக்கு. நாப்பது வருஷமா வாடகை குடுக்காம இருந்திருக்குங்க. பாவம், அதுங்களுக்கும் நோட்டீஸ் ஒட்டிட்டான்."

ஆர்வில் சிரிக்கவில்லை. அவன் பொதுவாகவே சிரிக்கிறவன் இல்லை. மூன்று விரல் கையால் சீட்டுகளைப் பிடித்துக்கொண்டு, கவிழ்த்த பெயின்ட் வாளியின் மேல் ஒவ்வொன்றாகப் போட்டான்.

மூன்றாம் நாள் வெண்டெல் அறுக்க ஆரம்பித்தான். முதலில் நன்றாகத்தான் செய்தான். பின்பக்கத்தில் ஒரு பலகையை எடுப்பது, அந்த இடத்தில் இரும்பைச் சுரண்டிச் சாயம் பூசுவது, புதுப் பலகையை அளந்து வைப்பது. அப்படியே பொறுமையாக ஒவ்வொரு பலகையாகப் போயிருந்தால் தப்பித்திருப்பான். ஆனால் மக்கல் அவன் நினைத்த இடத்தில் நிற்கவில்லை. ஜன்னலுக்குக் கீழே, கதவுக்குக் கீழே, முன்பக்கக் கட்டிலுக்குக் கீழே என்று போய்க்கொண்டே இருந்தது. பழைய பலகை கேக்கைப் போல உதிர்ந்து வந்தது. செப்டம்பர் கடைசியில் அவன் திட்டத்தை மாற்றினான். புதுப் பலகைகளையும் திரும்ப எடுத்தான். உடம்பின் கீழ் விளிம்பைச் சுற்றி எட்டு இடத்தில் ஜாக்கி வைத்து மூன்று அங்குலம் தூக்கி, எட்டு மரத்துண்டுகளின் மேல் உட்கார வைத்தான். முழுத்தரையையும் எடுத்துவிட்டு, முழுத்தரையையும் ஒரே தடவையில் போடுவதுதான் இப்போது எண்ணம். நாள் மிச்சமாகும்.

அன்று காலை கொட்டகையில் சீட்டாட்டம் நின்றது.

வெளியில் இருப்பவர்களுக்கு இதைச் சொன்னால்தான் புரியும். இந்த மாதிரி வண்டியில் தரை என்பது வெறும் தரை அல்ல. அலுமினிய உடம்பு முட்டை ஓடு மாதிரி. அதன் இரண்டு பக்கச் சுவர்களையும் விலகிப் போகாமல் பிடித்து நிறுத்துவது தரைதான், பீப்பாயை இரும்பு வளையம் பிடித்திருப்பதைப் போல. அதனால் தரையை எடுப்பதற்கு முன்னால் உள்ளே சுவருக்குச் சுவர் குறுக்காக நான்கு கட்டைகள் கொடுத்துத் திருகிவிட வேண்டும். தரைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தவனுக்கு முதல் வாரத்தில் சொல்லித் தருகிற விஷயம். வெண்டெலுக்கு அதை யாரும் சொல்லியிருக்கவில்லை. அவன் கண்ணுக்கு வந்ததெல்லாம் முடிந்த வண்டிகள். தரையில்லாமல் நிற்கும் உடம்பை அவன் வாழ்நாளில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

"கட்டை குடுக்கலை," என்றான் டுவேன், மெதுவாக.

"குடுக்கலை," என்றான் ஆர்வில்.

"நாளைக்குக் குடுப்பானோ?"

"அவனுக்குத் தெரிஞ்சிருந்தா தூக்கறதுக்கு முன்னாடியே குடுத்திருப்பான்."

என் கால் அந்த நான்கு சட்டங்களின் மேல் இருந்தது. எடுத்துக் கீழே வைத்தேன். டுவேன் என்னைப் பார்த்தான். சிறிது நேரம் கழித்து மறுபடி மேலே வைத்துக்கொண்டேன்.

அக்டோபர் முதல் ஞாயிறு, தேவாலயம் முடிந்த பிறகு, நோரீன் சாலையைக் கடந்து வந்தாள். கையில் ஒரு தட்டில் சர்க்கரை க்ரீம் பை என்கிற இனிப்புப் பண்டம், இன்னும் சூடாக. தட்டின் அடியில் அவள் பெயர் எழுதிய நாடா ஒட்டியிருந்தது. எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் அப்படி ஒட்டுவார்கள், தட்டு வழி தவறிப் போய்விடாமல் இருக்க. ஆர்வில் ஆஸ்பத்திரியில் இருந்தபோதும் அவள் இதே பையைத்தான் கொண்டுவந்தாள். வெண்டெலுக்குத் தெரியாமல் வந்தாள் என்று ஆர்வில் அப்போது சொன்னான்.

"உக்காருங்க நோரீன்," என்று டுவேன் நாற்காலியை நகர்த்திப் போட்டான்.

"உக்காந்தா எழுந்திருக்க மாட்டேன். இடுப்பு பிடிச்சிருக்கு. ரெண்டு நாளா எலிக்கூடு பொறுக்கறேன்." அவள் சிரித்தாள். "திரைக்குத் துணி எடுத்துட்டேன், தெரியுமா? மஞ்சள்ல கட்டம் போட்டது. ஏரிப்பக்கம் ஜன்னல் வருதாம். டோலி சொன்னா, காலைல கண்ணத் தொறந்தா வாத்து நீந்தறது தெரியும்னு."

"நல்லாருக்கும்," என்றேன்.

"எல்டன், உங்களைத்தான் கேக்கணும்னு வந்தேன். நீங்கல்லாம் இதே வேலை பாத்தவங்க. அவன் வாயைத் திறந்து கேக்க மாட்டான், உங்களுக்கே தெரியும். சரியாத்தான் போகுதா?"

நான் ஆர்விலைப் பார்த்தேன். ஆர்வில் பையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்ஸ்பெக்டர் கை வெச்ச வண்டில தப்பு வருமா?" என்றான் டுவேன். "எங்க வேலைலதான் வரும்."

நோரீன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டாள். அவள் முகம் தெளிந்தது. "அதைத்தான் நானும் சொன்னேன்," என்றாள். "நீ விட்டுடற ஆளா வெண்டெல்னு."

அவள் போனதும் ஆர்வில் உள்ளே போய்க் கத்தி எடுத்து வந்தான். பையை மூன்றாக வெட்டிச் சாப்பிட்டோம். மிக நன்றாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை வெண்டெலே வந்தான். அவன் அந்தச் சாலையைக் கடந்து எங்கள் பக்கம் வந்து நான் பார்த்ததில்லை. தெருவில் எங்களுக்குள் பதினோரு வருடமாகக் கையசைப்புகூடக் கிடையாது. முழங்காலில் பலகைத் தூள், கண்கள் சிவந்திருந்தன. கொட்டகை வாசலில் நின்றான், உள்ளே வரவில்லை.

"எல்டன்."

"வெண்டெல்."

"பழைய தரைல நடுவுல குறுக்க ஒரு பட்டைதான் பாக்கி. ரெண்டடி அகலம். அதையும் எடுத்துட்டா வெள்ளிக்கிழமைக்குள்ள புதுத்தரை உக்காந்துடும். ஞாயித்துக்கிழமை சக்கரத்தைப் பாத்துக்கலாம்."

"சரி."

அவன் தொண்டையைச் செருமினான். "ஏதோ ஒண்ணை விட்டுட்டேன்னு தோணுது. ரெண்டு தரம் சுத்தி வந்துட்டேன், பிடிபடலை. நீங்க மூணு பேரும் ஒரு வாரமா சீட்டைக்கூடத் தொடாம என்னையே பாத்துட்டு உக்காந்திருக்கீங்க. எதையோ பாத்திருக்கீங்க. என்னன்னு சொல்லுங்க."

டுவேன் ஒரு டோனட்டை வாய்க்குக் கொண்டுபோனவன் பாதியில் நிறுத்தினான். ஆர்வில் இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். இது அவன் சொல்ல வேண்டியது. பதினோரு வருடம் அவன் காத்திருந்தது. ஆனால் வெண்டெல் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கண்டுபிடி," என்றேன்.

அவனுக்கு உடனே புரிந்தது. முகத்தில் எதுவும் அசையவில்லை. தலையை ஒரு தடவை ஆட்டினான், தொழிற்சாலையில் நல்ல வண்டிக்கு ஆட்டுவானே, அதே மாதிரி. பிறகு திரும்பிப் போனான்.

"அம்மாடி," என்றான் டுவேன். "இதுக்காகவே உயிரோட இருந்திருக்கலாம்."

"வாயை மூடு," என்றான் ஆர்வில்.

அதன் பிறகு இரண்டு நாள் அவன் ஒன்றும் அறுக்கவில்லை. தேடினான். அவனிடம் இருந்த நாட்களில் இரண்டை அந்த ஒரு சொல் தின்றது. விளக்கைப் பிடித்துக்கொண்டு, தகடுகளை இணைக்கும் ஒவ்வொரு ரிவெட்டையும் பார்த்தான். இரும்புச் சட்டகத்தைச் சுத்தியலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டான். அச்சு, சக்கரம், கொக்கி, மின்கம்பி எல்லாம் பார்த்தான். இரண்டு விரிசல்களைக் கண்டுபிடித்தான். நாங்கள் பார்க்காதவை, நிஜமாகவே நல்ல கண். அவற்றை ஒருவனை வரவழைத்துப் பற்றவைத்தான். பற்றவைத்தது முடிந்ததும் எங்கள் பக்கம் திரும்பி நின்று பார்த்தான், இதுதானே என்று கேட்பதைப் போல. டுவேன் காப்பிக் கோப்பையை உயர்த்திக் காட்டினான். வெண்டெல் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டானா, இல்லையென்று எடுத்துக்கொண்டானா, தெரியாது. அவன் இருபத்திரண்டு வருடமும் தேடியது இருக்கிற பொருளில் உள்ள குறையை. இல்லாத கட்டையின் மேல் யாராலும் குறி போட முடியாது.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ரம்பத்தின் மின்கம்பியை வீட்டிலிருந்து இழுத்து வந்தான்.

"ஆளுக்கு ஒண்ணும் ஆகாதே?" என்று கேட்டேன்.

ஆர்வில் யோசித்து வைத்திருந்தான். "ஆகாது. நடுவுல, இரும்புக்கு நடுவுல மண்ணுல நிக்கறான். சுவரு வெளிப்பக்கமாத்தான் போகும். கூரை அவன் தலைக்கு ரெண்டடி மேல. பயந்து போவான், அவ்வளவுதான்."

"பேன்டை மாத்தணும்," என்றான் டுவேன்.

வெண்டெல் உள்ளே ஏறினான். ஜன்னல் வழியாக இடுப்புக்கு மேல் தெரிந்தான். கண்ணாடியை மாட்டிக்கொண்டான். அப்போது வீட்டுக் கதவு திறந்து நோரீன் வந்தாள், கையில் பெருக்குமாறும் தூள் அள்ளும் தகரமும். கதவுப்பக்கம் போய் வண்டியின் விளிம்பில் உட்கார்ந்து, கால்களை உள்ளே விட்டாள். அவள் உட்கார்ந்த இடத்துக்கு நேர் கீழே ஐந்தாவது மரத்துண்டு இருந்தது. சுவர் நழுவினால் அவள் தொடைகளின் மேல்தான் இறங்கும்.

எங்களில் யாரும் அசையவில்லை. எவ்வளவு நேரம் என்று பிறகு யோசித்துப் பார்த்திருக்கிறேன். அவன் ரம்பத்தின் பல்லைச் சரிபார்த்து, பட்டையின் மேல் கோடு கிழித்து முடிக்கிற நேரம்.

நான் எழுந்தேன். ஆர்வில் என் சட்டையைப் பிடித்தான். "அவனுக்குச் சொல்லப் போறியா?"

"இல்லை," என்றேன். அது பொய் இல்லை.

கொட்டகை வாசலுக்குப் போய்க் கையை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக் கூப்பிட்டேன்.

"நோரீன், ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போங்க. சூடா இருக்கு."

எங்கள் பக்கம் காப்பிக்குக் கூப்பிட்டால் வேண்டாம் என்று சொல்வதில்லை, அதுவும் ஒருமுறைகூடக் கூப்பிடாதவர்கள் கூப்பிட்டால். அவள் உள்ளே எதையோ சொன்னாள். வெண்டெல் போ என்று கையைக் காட்டினான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பெருக்குமாறைச் சாய்த்து வைத்துவிட்டுச் சாலையைக் கடந்து வந்தாள்.

டுவேன் தன் நாற்காலியைக் கொடுத்தான். அவள் உட்கார்ந்து, எங்களைப் போலவே கால்களை அந்தச் சட்டங்களின் மேல் தூக்கி வைத்தாள். "அப்பாடா," என்றாள். நான் ஒரு கோப்பையைக் கழுவி அவள் கையில் கொடுத்தேன். பிறகு ஜாடியை எடுத்துச் சாய்த்தேன். அடியில் கொஞ்சம் கசடு இருந்தது, அதுவும் கோப்பைக்கு வந்து சேரவில்லை.

"சூடா இருக்குன்னீங்களே," என்றாள், கேலியாக.

"இப்பப் போட்டுடலாம்," என்றேன். என் கை ஜாடியை விடவில்லை.

எதிரே ரம்பம் ஓட ஆரம்பித்தது. மரம் அறுபடும்போது ஒரு சத்தம், அறுபட்டு முடிந்து காற்றில் ஓடும்போது வேறு சத்தம். அந்த இரண்டாவது சத்தம் வந்ததும் ஆர்வில் கண்ணை மூடிக்கொண்டான்.

முதலில் ரிவெட்டுகள்தான். சோளம் பொரிவதைப் போல, ஒன்று, இரண்டு, பிறகு எண்ண முடியாமல். இரண்டு பக்கச் சுவர்களின் அடியும் வெளியே நகர்ந்தன, அவசரமில்லாமல். மரத்துண்டுகள் புரண்டன. உடம்பு மொத்தமும் ஒரு சாண் இறங்கி இரும்பின் மேல் உட்கார்ந்தது. பின்ஜன்னல் உடைந்தது. கூரையின் நடுவில் ஒரு மடிப்பு விழுந்து முன்பக்கம் வரை ஓடியது. கதவு தானாகத் திறந்து, மேல்மூலை வளைந்து, அப்படியே நின்றது. ஐந்தாவது மரத்துண்டு இருந்த இடத்தில், நோரீன் உட்கார்ந்திருந்த விளிம்பு சட்டகத்தின் இரும்பைக் கடித்துக்கொண்டிருந்தது.

உள்ளே வெண்டெல் நின்றுகொண்டிருந்தான். ஆர்வில் சொன்னபடியே அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ரம்பம் இன்னும் அவன் கையில் ஓடிக்கொண்டிருந்தது. சிறிது நேரம் கழித்து அதை நிறுத்தினான்.

நோரீன் ஓடவில்லை. அவன் நிற்பதைப் பார்த்தாள், அசைவதைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த கோப்பைக்குள் பார்த்தாள்.

"காப்பி இல்லை," என்றாள்.

நான் ஜாடியைக் கீழே வைத்தேன்.

"என்னை மட்டும் வெளிய எடுத்துட்டீங்க." அவள் குரல் உயரவில்லை. கணக்குப் பாடத்தைப் புரிந்துகொள்கிறவளைப் போல நிதானமாகச் சொன்னாள். "எத்தனை நாளா தெரியும்?"

"பத்து நாளா," என்றான் ஆர்வில்.

"நான் வந்து கேட்டேனே, அன்னிக்கு?"

"அன்னிக்கும்தான்."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். உடையாமல், மெதுவாக வைத்தாள். கால்களைச் சட்டங்களிலிருந்து எடுத்தாள்.

எதிர்ப்பக்கத்தில் வெண்டெல் கதவு வழியாக வர முடியாமல் உடைந்த பின்ஜன்னல் வழியாக வெளியே இறங்கினான். வண்டியைச் சுற்றி நடக்க ஆரம்பித்தான். அந்த நடை எங்களுக்குப் பழக்கமானது, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மூன்றடிக்கு ஒரு தடவை நின்று. மடிப்பின் நீளத்தைக் கண்ணால் அளந்தான். கதவுச் சட்டத்தில் விரலை வைத்துப் பார்த்தான். குனிந்து, உள்ளே இரண்டு சுவருக்கும் நடுவில் இருந்த வெற்றிடத்தை நெடுநேரம் பார்த்தான். பிறகு சாலையைக் கடந்து வந்தான். இந்தத் தடவை கொட்டகைக்கு உள்ளேயே வந்தான்.

"குறுக்குக் கட்டை," என்றான். "சுவருக்குச் சுவர். நாலு போதும்."

அவன் பார்வை கீழே இறங்கியது. நான் காலை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. அவன் சட்டங்களை எண்ணினான், உதடு அசைந்தது. நீளத்தைப் பார்த்தான்.

"ஆறு அங்குலம் வெட்டினா சரியா இருந்திருக்கும்," என்றான்.

ஆர்வில் முதல் தடவையாக நிமிர்ந்து அவனைப் பார்த்தான். இடது கையைத் தொடைக்கு அடியிலிருந்து எடுத்து மடியில் வைத்தான்.

"கண்ணால பாத்திருந்தா போதுமே, வெண்டெல்," என்றான்.

வெண்டெல் அந்தக் கையையும் பார்த்தான். நோரீனின் தோளைத் தொட்டான். அவள் அவன் கையைத் தட்டிவிட்டுத் தனியாக எழுந்து, அவனுக்கு முன்னால் நடந்து போனாள். அந்த நிமிடம் அவளுக்கு நாங்கள் நால்வரும் ஒரே ஆட்கள்தான் என்று நினைக்கிறேன்.

திங்கட்கிழமை பழைய இரும்பு எடுக்கிறவன் வந்து, டிரெய்லரைக் கிரேனால் தூக்கிப் போனான். தூக்கும்போது அது இரண்டாக மடிந்தது. பதினைந்தாம் தேதி வியாழக்கிழமை, லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. நோரீனின் அக்கா, டெர்ரி ஹோட் என்ற ஊரிலிருந்து கார் கொண்டுவந்திருந்தாள். அவள் வீட்டில் ஓர் அறைதான் காலி, அதுவும் நோரீனுக்கு மட்டும். அக்காவுக்கு வெண்டெலை எப்போதும் பிடிக்காது. வெண்டெல் பிக்கப்பின் பின்தொட்டிக்கு மேல் ஒரு தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தான். முடிச்சு போட்டதும் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தான்.

நாங்கள் வழக்கம்போல் உட்கார்ந்திருந்தோம். நோரீன் மேல்கோட்டுடன் சாலையைக் கடந்து வந்து கொட்டகை வாசலில் நின்றாள்.

"என் தட்டு," என்றாள்.

ஆர்வில் உள்ளே போனான். பண்டம் வந்த தட்டை எங்கள் பக்கம் வெறுமையாகத் திருப்புவதில்லை. நாலு பிஸ்கட்டாவது, தோட்டத்தில் விளைந்த தக்காளியாவது வைத்துத்தான் கொடுப்போம். அப்படித்தான் என் அம்மா செய்தாள், அவள் அம்மாவும். ஆர்வில் சமையலறையில் கதவுகளைத் திறந்து திறந்து மூடுவது கேட்டது. நோரீனுக்கும் கேட்டிருக்கும். மழையில் நின்றுகொண்டே காத்திருந்தாள்.

அவன் வந்தபோது தட்டு கழுவித் துடைத்து, பளபளவென்று இருந்தது. அதில் ஒன்றும் இல்லை. மூன்று விரல்களால் பிடித்து நீட்டினான். அவள் வாங்கித் திருப்பி, அடியில் தன் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கோட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.